உவர்மண்ணிற் சிவந்த தக்காளி

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், திருகோணமலை நகரிலிருந்து என்னைக் காண வந்த நண்பர் ஒருவர், விடைபெறும்பொழுது யான் அவர் கையில் வைத்த தக்காளிப் பழங்களைப் பார்த்துவிட்டு, "தம்புள்ளைச் சந்தைப் பழமோ? கிலோ என்ன விலை போகிறது?" என்று வினவினார். "வளவிற் பறித்தவை" என்றேன். அவர் நம்பவில்லை. தமிழ்ப்பண்டிதர் ஏதோ உயர்வு நவிற்சி பேசுகிறார் என்று எண்ணியிருப்பார் போலும். பின்வளவுக்கு அழைத்துச் சென்று செடிகளைக் காட்டிய பின்னரே அவர் முகத்திலிருந்த ஐயம் நீங்கிற்று.

அவர் ஐயுற்றதிற் பிழையில்லை. இறக்கக்கண்டி நிலாவெளிக்கு வடக்கே, குச்சவெளிக்குப் போகும் வழியில், ஒருபுறம் கடலும் ஒருபுறம் களப்புமாகக் கிடக்கும் மணலூர். கண்டி என்ற சொல்லைக் கேட்டதும் மலைநாட்டுக் கண்டியை எண்ணிவிடற்க. அக்கண்டிக்கும் மாத்தளைக்கும் பதுளைக்கும் வாய்த்த குளிரும் செம்மண்ணும் இக்கண்டிக்கு இல்லை. இங்கே மழைக்காலம் போனபின் ஏழெட்டு மாதம் வெயில். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றிலே வேலியோரத்துப் புல்லும் கருகும். பனையும் தென்னையும், மாரி முடிந்ததும் நடுகின்ற சின்ன வெங்காயமும் இம்மண்ணுக்குப் பழகியவை. தக்காளியோ இங்கே தை, மாசி மாதங்களில் வந்து இரண்டு மாதம் தங்கிப் போகின்ற விருந்தாளி. அந்த விருந்தாளியை ஆண்டு முழுவதும் வீட்டிலிருத்த எண்ணி யான் பட்ட பாட்டையே இங்கு எழுதப் புகுகின்றேன்.

கீழைத்தேயக் கல்லூரியிற் பயின்ற தமிழாசிரியன் ஒருவன் தக்காளியைப் பற்றி எழுத வந்தால், முதலில் அச்சொல்லைப் பற்றிப் பேசாமல் விடான். வாசகர் பொறுத்தருள்க. தக்காளி என்பது தமிழ்ச்சொல்லே. ஆயின் நாம் இன்று அச்சொல்லாற் குறிக்கும் பழம் தமிழர் நிலத்துப் பழம் அன்று. நம் முன்னோர் தக்காளி என்றது, வேலியடியில் தானே முளைத்துக் கறுத்த சிறுகனி தரும் மணத்தக்காளி முதலிய செடிகளை. இன்றைய தக்காளி தென்னமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலிற் காட்டுச் செடியாய்ப் பிறந்தது, மெக்சிக்கோவிற் பயிராயிற்று, அந்நாட்டார் வழங்கிய 'தொமாத்தில்' என்ற பெயரே ஐரோப்பிய மொழிகளிற் 'தொமாட்டோ' எனத் திரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் இசுப்பானியர் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து நம் கரைகளுக்கு வந்தது. வந்த பழத்தில் உருவொப்புமை கண்ட நம்மவர் அதனைச் 'சீமைத்தக்காளி' என்றனர். நாளடைவிற் 'சீமை' உதிர்ந்தது, 'தக்காளி' நின்றது. வந்தேறி வீட்டுக்காரனாகிப் பெயரையும் தனதாக்கிக்கொண்டான். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, ஊமத்தை யாவும் இதன் சுற்றத்தாரே. இவ்வுறவுமுறையைப் பின்னர் ஓரிடத்திற் பயன்படுத்தவேண்டி வரும்.

இனி என் வளவின் கதைக்கு வருகின்றேன்.

எங்கள் வளவின் கிணற்றை என் தந்தையார் 1967இல் வெட்டினார். ஆழமில்லாத கிணறு. இத்தகைய கடற்கரை மணலிலே நன்னீர் என்பது கீழே நிற்கும் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு படலமே ஆகும். மழைநீர் பாரங்குறைந்தது; கடல்நீர் பாரங்கூடியது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீர்நூலார் கணக்கு. மேலே 1 அடியை இறைத்துவிட்டாற் கீழிருந்து உவர் எவ்வளவு எழும் என்பதும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. தந்தையார் நீர்நூல் படித்தவரல்லர். எனினும் ஒரு நாளில் இத்தனை வாளி என்று வரையறுத்தே அள்ளுவார். அந்த நீரிலே அவர் வளர்த்த தக்காளி தை பிறந்ததும் சிவக்கும். தக்காளி போட்ட சொதி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. பழம் தீர்ந்த மாதங்களில் மாங்காய்த் துண்டைப் போடச் சொல்லி முகஞ்சுளித்துக்கொண்டு உண்பார்.

2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையிற் கடல் ஊருக்குள் வந்தது. அன்று நிகழ்ந்தவற்றை இங்கு எழுதப் போவதில்லை. உயிர் பிழைத்தோம், கிணறு கடல்நீரால் நிரம்பிக் கிடந்தது. ஊர் திரும்பிய சில நாளில், யான் ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தேன். தந்தையார் தடுத்தார்.

"தம்பி, அவசரப்படாதை. மழை இன்னும் இருக்கு. அது கழுவும்."

யான் கேட்கவில்லை. படித்தவன் அல்லனோ! மூன்று நாள் விடாமல் இறைத்தேன். அடிமணல் தெரிய இறைக்க இறைக்க, ஊறிவந்த நீர் முன்னையதினும் உவர்த்தது. கிணற்றுச் சுவரின் ஒரு பக்கமும் சரிந்தது. சுற்றிலும் மண்ணில் ஊறியிருந்த கடல்நீரையும் கீழே கிடந்த உவரையும் யானே கிணற்றுக்குள் அழைத்து வந்தேன் என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தார் கீழ்க்கரைக் கிணறுகளை 2005இல் ஆராய்ந்து, மீள மீள இறைப்பதாற் கிணற்று உவர் விரைவில் நீங்குவதில்லை, மழையே அதனைக் கழுவவேண்டும் என்று கண்டனர். தந்தையார் சொன்னதும் அதுவே. அவர் அதன்பின் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த தையில் நட்ட தக்காளி இலைநுனி கருகி நின்றது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. தந்தையார் 2011இற் காலமானார். அதுவரை எங்கள் வளவில் ஒரு தக்காளியும் ஒழுங்காகச் சிவக்கவில்லை.

பயிர்நூலார் தக்காளியை உவரை ஓரளவே தாங்கும் பயிர் என்பர். நிலத்தின் உவர் மீற்றருக்கு 2.5 டெசிசீமென்சு என்னும் அளவைத் தாண்டினால், மேற்கொண்டு ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். இந்தக் கணக்கை ஒரு விவசாயப் போதனாசிரியர் எனக்கு விளக்கிய அன்று, நிலத்தை விட்டுச் சாடிக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். மண் கெட்டிருந்தால் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

சாடி என்றதும் அழகிய பூச்சாடியை நினைக்கவேண்டாம். 20 லீற்றர் கொள்ளும் பழைய பெயின்ற் வாளிகளே என் சாடிகள். அடியில் ஆறேழு துளை. வயல்மண் ஒரு பங்கு, மட்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை அப்படியே போட்டால் உவர் மறுபடியும் வந்துவிடும். தேங்காய் மட்டையிலேயே உப்பு உண்டு. கடலோரத்துக் குழிகளில் ஊறிய மட்டையானாற் கேட்கவே வேண்டாம். ஆகையால் மாரி மழையிற் சாக்கோடு போட்டு நன்றாக நனையவிட்டுப் பின்னரே எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு வாளியிலும் ஒரு செடிக்கு மேல் வையேன்.

நீர் மழைநீர். ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் என்பது பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு. என் வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் 30 சதுர மீற்றர். அதன் கீழே 5,000 லீற்றர் கொள்ளும் மூடிய சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டுவித்தேன். வாடைக்காலத்துக் கார்த்திகை மாத மழை ஒன்றே அதனை நிரப்பி வழியச் செய்யும். பன்னிரண்டு செடிக்குச் சராசரி ஒன்றரை லீற்றராக நாளொன்றுக்கு 18 லீற்றர் எனக் கொண்டால், நிரம்பிய தொட்டி 277 நாளைக்கு வரும். மாசியிலிருந்து புரட்டாதி முடியும் வரை 240 நாள். கணக்கு நேராயிற்று. தொட்டி கட்டிய செலவுக்கு எத்தனை கிலோ தக்காளி வாங்கியிருக்கலாம் என்று என் மனைவியார் போட்ட கணக்கும் நேரான கணக்கே. அதனை இங்கு எழுதாது விடுகிறேன்.

ஆனாலும் 2021ஆம் ஆண்டு வரை யானும் தை, மாசிப் பயிரோடு நிறைவுற்றிருந்தேன். அவ்வாண்டு இரசாயன உரத்தின் இறக்குமதி தடைப்பட்டது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமற்போயிற்று. தம்புள்ளையிலிருந்து வரும் லொறிகளை நம்பியிருந்த நம் ஊர்க் கடைகளிற் காய்கறித் தட்டுகள் வெறுமையாயின. முதுமையிற் படுக்கையோடிருந்த என் தாயார் ஒருநாள், "தம்பி, சொதியிலை போட ஒரு தக்காளி இல்லையோ?" என்று கேட்டார். ஆனி மாதம். ஒன்றும் இல்லை. தந்தையார்க்குக் கொடுக்க இயலாததைத் தாயார்க்கும் கொடுக்க இயலாமல் நின்றேன். அன்றுதான் ஆண்டு முழுவதும் என்ற எண்ணம் பிறந்தது.

ஒரே நாளில் இருபது நாற்று நட்டு ஒரே மாதத்திற் பழுக்கவைத்து, அயலார்க்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, பின் எட்டு மாதம் கையைப் பிசைந்துகொண்டிருப்பதே நாம் செய்யும் பிழை. யான் இப்பொழுது மாதத்துக்கு மூன்று செடியே வைக்கிறேன். ஒரு செடிக்கு நான்கு மாத ஆயுள் எனக் கொண்டால் எந்நாளும் வளவில் பன்னிரண்டு செடி நிற்கும். சில தளிர்க்கும்; சில பூக்கும்; சில காய்க்கும்; சில பழுத்து முடியும். மாதந்தோறும் விதைக்கவும் வேண்டுவதில்லை. தக்காளியின் இலைக்கக்கத்தில் எழும் பக்கக் குருத்தை எப்படியும் ஒடிக்கவேண்டும், இல்லாவிட்டாற் செடி காடாகும். ஒடித்த குருத்தை எறியாமல், ஒரு சாண் நீளமுள்ளதாகப் பார்த்துத் தண்ணீர்ப் போத்தலில் நிழலில் வைத்தால், பத்து நாளுக்குள் வெள்ளை வேர் விடும். தாய்ச்செடி பழுத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைச்செடி ஆயத்தம். விதைநாற்றினும் இது முன்னதாகவே பூக்கும். தாய்க்கு நோய் இருந்தால் பிள்ளைக்கும் உண்டு என்பதால், ஆண்டுக்கொருமுறை புதிய விதை போட்டு வமிசத்தைப் புதுக்கிக்கொள்கிறேன்.

கோடைக்கு வருவோம். தக்காளிப் பூ வெயிலைக் காட்டிலும் இரவின் புழுக்கத்துக்கே அதிகம் அஞ்சுகிறது. பகல் 32 பாகை செல்சியசையும் இரவு 21 பாகையையும் தாண்டினால் மகரந்தம் வலியிழக்கும். பூக் காம்போடு உதிரும். திருகோணமலைக் கரையிலோ ஆனி, ஆடி இரவுகளில் 25, 26 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்குவது அருமை. ஆகவே பெரும்பழ இனங்கள் அம்மாதங்களில் இலையும் பூவுமாய் நின்று ஏமாற்றும். நெல்லிக்காய் அளவு காய்க்கும் செரித் தக்காளி மட்டும் அப்புழுக்கத்திலும் பிஞ்சு பிடிக்கும். கோடையில் அதனையே நம்பவேண்டும். நண்பர் கையில் வைத்தவையும் அந்தச் சிறுபழங்களே. அன்று நான்குதான் பழுத்திருந்தன என்பதை அவரிடம் யான் சொல்லவில்லை.

பூவுக்கு இன்னுமோர் உதவியும் தேவை. தக்காளிப் பூவின் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கிறது. தேனீ அதனை உதிர்க்க அறியாது. பூவைப் பற்றிக்கொண்டு உடலதிர முரலும் கருவண்டு முதலியவையே உதிர்க்கும். வண்டு வராத நாளில், காலை எட்டு ஒன்பது மணிக்கு, யானே பென்சிலால் ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பையும் மெல்லத் தட்டிக்கொண்டு போவேன். விடைத்தாள் திருத்திய சிவப்புப் பென்சிலுக்கு இப்படியும் ஒரு பணி!

பழம் செடியிலேயே செவ்வையாகப் பழுக்கட்டும் என்று கோடையிற் காத்திருந்தும் ஏமாந்தேன். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் சிவப்பு நிறத்தைத் தரும் பொருள் நன்கு உண்டாகாது. மஞ்சள் நிறப்பொருள் மட்டும் உண்டாகும். வெயிலிற் பழுத்த பழம் செம்மஞ்சளாய் நின்றுவிடுவது அதனாலேதான். அடியில் இளஞ்சிவப்புப் படர்ந்தவுடன் பறித்து, அடுக்களையின் தண்மையான மூலையில் வைக்கோல் மேற் பரப்பினால் மூன்று நாலு நாளிற் சிவக்கும். குளிர்ப்பெட்டியில் வையாதீர்கள், மணம் போய்விடும்.

மாரியின் பகை வேறு. கச்சானுக்குத் தப்பிய செடிகள் ஐப்பசி, கார்த்திகையில் வேர் நனைந்து சாகும். ஓர் ஆண்டு யான் விலைக்கு வாங்கி வந்து வைத்த நாற்றுகள், பச்சை இலை பச்சையாகவே இருக்க, ஒரே நாளிற் சோர்ந்து விழுந்தன. ஒரு தண்டை அறுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரிற் பிடித்தேன். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற ஒரு நூல் மெல்ல இறங்கிற்று. பற்றீரியா வாடல்நோய்க்கு அதுவே அடையாளம். மருந்தில்லை. அந்த மண்ணைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவி வெயிலிற் காயவைப்பதே வழி. நம் விவசாயத் திணைக்களம் தந்த 'திலின' போன்ற இனங்கள் இந்நோயை ஓரளவு தாங்கும்.

இன்னொரு வழி உண்டு. மேலே சொன்ன உறவுமுறை இங்கே உதவுகிறது. தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையத்தார், வாடல்நோயையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் கத்தரி இனங்களின் வேரின்மேல் தக்காளியை ஒட்டும் முறையைப் பரப்பினர். கத்தரி மெதுவாக வளர்வதால் அதன் விதையைச் சில நாள் முன்னதாகவே இடவேண்டும். இரண்டும் ஈர்க்கிலும் சிறிது தடித்த தண்டாக வந்ததும், சவரத்தகட்டாற் சாய்வாக வெட்டி, கத்தரியின் அடியையும் தக்காளியின் முடியையும் ஒரு சிறு இறப்பர்க் குழாய்க்குள் சந்திக்கவைக்கவேண்டும். யான் சைக்கிள் வால்வு டியூபைப் பிளந்து பயன்படுத்தினேன். ஐந்தாறு நாள் ஈரமும் இருளுமான இடத்தில் மூடி வைத்துப் பின்பு சிறிது சிறிதாக வெளிச்சம் காட்டவேண்டும். முதல் தடவை பத்தில் இரண்டு பிழைத்தன. இப்பொழுது ஆறு ஏழு பிழைக்கின்றன. கண் மங்கும் வயதில் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சைக்கிளின் சட்டமும் வீணாகவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. கொழுகொம்பு தேடித் துவண்ட என் தக்காளிக்கு யான் பள்ளிக்கூடம் போய்வந்த பழைய சைக்கிளை ஈந்தேன். ஈந்த பொருளுக்கேற்பப் புகழும் சிறியதே.

சாடியின் பெரும்பயன் அது நகரும் என்பது. கச்சான் மேற்கே இருந்து வருவதால், சித்திரை முடிந்ததும் வாளிகளை வீட்டின் கிழக்குப் புறத்துக்குக் கொண்டுபோவோம். காலை வெயில் கிடைக்கும். நண்பகலுக்குப் பின் வீடே நிழலும் மறைப்புமாகும். வாடைமழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால், ஐப்பசி பிறந்ததும் அவை தென்மேற்குத் தாழ்வாரத்துக்கு வரும். இடம்பெயர்தல் என்ற சொல் இப்பகுதியார்க்கு இனிய சொல் அன்று. 1990இல் ஒரு முறையும் 2004இல் ஒரு முறையும் கையிற் கிடைத்ததோடு ஓடியவர்கள் நாங்கள். என் செடிகளாவது வேரோடும் மண்ணோடும் இடம்பெயர்கின்றன.

தவறுகளும் உண்டு. சுருட்டுப் பிடிக்கும் என் மாமனார் செடியைத் தொட்டால் இலையிற் பொட்டுப்பொட்டாய் மஞ்சள் படரும் என்று அஞ்சி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் அவரை அணுகவிடேன். புகையிலைக்கும் தக்காளிக்கும் நச்சுநோய் பொது. அவர் இதனை மரியாதைக் குறைவாகவே இன்றுவரை கருதுகிறார். மற்றொரு முறை, விடைத்தாள் திருத்தும் பணிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்ட மாணவன் நாலு நாள் மறந்துவிட்டு, ஐந்தாம் நாள் அச்சத்தால் நாலு நாளைக்குரியதையும் சேர்த்தே ஊற்றியிருந்தான். திரும்பி வந்தபோது காய்களின் அடியெல்லாம் கறுத்துத் தோல்போல் உலர்ந்திருந்தன. சுண்ணச்சத்துப் போதாமையால் வருவது என்பர். ஆயின் மண்ணில் அது இருந்தாலும், நீர் ஒழுங்காக ஏறாவிட்டாற் காய்க்குப் போய்ச் சேராது. அம்மாணவனை யான் கடியவில்லை. பின் வந்த காய்கள் நன்றாகவே இருந்தன.

கடைசியாகக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தனை மாரிகள் கழிந்தபின் அதன் நீர் பெரிதும் தெளிந்துவிட்டது. குடிப்பதற்கு ஆகாது, வாயில் வைத்தால் மெல்லிய உவர் தெரியும். சிசிலித் தீவின் தென்கோடியிற் பச்சினோ என்றோர் ஊர். கடலோரத்து உவர்க் கிணற்று நீரை அளவாய்ப் பாய்ச்சியே அங்குள்ளவர்கள் பேர்பெற்ற தக்காளியை விளைவிக்கிறார்கள். சிறிது உவர் சேர்ந்தாற் பழம் சிறுக்கும், இனிப்பு ஏறும். இதனைப் படித்த நாளிலிருந்து, காய் பருத்து முடிந்த செடிக்கு மட்டும், மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்றுநீர் கலந்து ஊற்றுகிறேன். பிஞ்சுச் செடிக்கு ஒருபோதும் ஊற்றுவதில்லை. வாளியில் அளந்துதான் அள்ளுகிறேன், தந்தையார் அள்ளியதுபோல.

முதல்முறை அந்த நீர் குடித்த பழங்களைச் சொதியிற் போட்ட அன்று, தாயார் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுச் சற்றே பேசாதிருந்தார். பின்பு மருமகளைப் பார்த்து, "தேசிக்காய் பிழியாதை பிள்ளை, இது பழைய புளிப்பு" என்றார்.

வருகின்ற வாரம் ஐப்பசி பிறக்கிறது. வாளிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றவேண்டும். ஒட்டு வைத்த கத்தரி நாற்றுகளில் இன்னும் நான்கு மூடியின் கீழ் இருக்கின்றன.